ஓட்டை விழுந்த இலைகள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் தொட்டிக்குள் இருக்கும் எல்லாச் செடியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் செடி வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம்மா. உன் தொட்டியில் இருக்கும் எல்லாச் செடியும் பிழைக்கக்கூடியதுதான். கடையில் கொடுத்த மருந்து பாட்டிலை மட்டும் இப்போதைக்குத் திறக்காதே.

முதலில் ஒன்றைக் கவனி. கெட்டுப்போனது அடி இலையா, நுனிக் கொழுந்தா? நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் பழைய இலையில் இருப்பதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைதான் முதலில் கெடும். இரும்பும் கால்சியமும் அப்படி இல்லை, ஓர் இலையில் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் கொழுந்து அடிபடும். இரும்புக் குறை என்றால் புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், மீதி வெளுத்திருக்கும். கால்சியக் குறை என்றால் இலை கோணிச் சுருண்டு வரும்.

இப்போது உன் ஹைக்ரோஃபிலா செடிக்கு வா. நுனி நல்ல பச்சை. கீழ் இலைகளில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் மஞ்சள் வளையம். சில ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரம் கறுத்துவிட்டது. நத்தை தின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நத்தை தின்ற இடத்தில் இந்த மஞ்சள் வளையம் இருக்காது. இது பொட்டாசியக் குறை. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஓரளவு கிடைத்துவிடும், பொட்டாசியம் அந்த அளவுக்குக் கிடைக்காது. அதிலும் நீ முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறாய். அந்த மெஷின் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்துவிடும். ஹைக்ரோஃபிலா மளமளவென்று வளர்கிற செடி, அதனால் குறை அதில் முதலில் தெரிகிறது.

உரக்கடையில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேள், அது பொட்டாசிய உரம். தண்ணீரில் முழுதாகக் கரைகிற வகையாக இருக்கட்டும், பையில் 0-0-50 என்று போட்டிருக்கும். உன் 60 லிட்டர் தொட்டிக்கு 1 கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் பொட்டாசியம் ஏறும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றிவிட்டு, டம்ளரில் கரைத்து ஊற்று. யூரியாவோ டிஏபியோ கலந்த உரம் எதையும் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதே. அம்மோனியா ஏறி மீன் செத்துப்போகும். இனி மாற்றுகிற தண்ணீரில் பாதி உங்கள் அபார்ட்மென்ட் போர் தண்ணீராக இருக்கட்டும். உன் கப்பி மீனுக்கும் அதுதான் ஒத்துக்கொள்ளும். ஒரே நாளில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்.

கிரிப்ட் (கிரிப்டோகோரைன்) செடி கூழாகிப் போனதற்குக் காரணம் வேறு. வீடு மாறியபோது அதைப் பிடுங்கி நட்டிருக்கிறாய். இடமோ தண்ணீரோ வெளிச்சமோ மாறினால் அது இலையைக் கரைத்துவிடும், வேர் மட்டும் உயிரோடு இருக்கும். உன்னுடையது வென்ட்டி என்கிற வகை, இலங்கைக்கே உரிய செடி. அழுகிய இலைகளைக் கத்தரித்து வெளியே எடு, இல்லாவிட்டால் தண்ணீர் கெடும். வேரைத் தொடாதே. உயிரோடு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கிற ஆசை வரும், அதையும் அடக்கிக்கொள். சில வாரங்களில் புது இலை விடும்.

ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடியில் வரிசையாக இருக்கும் பழுப்புப் புள்ளிகள் நோய் இல்லை, அவை வித்துப் பைகள். எனக்குக் கவலை அனுபியாஸ் செடிதான். இஞ்சிபோல் படுத்திருக்கும் அதன் தண்டை மணலுக்குள் புதைத்திருக்கிறாய். அப்படியே விட்டால் அழுகிவிடும். இன்றைக்கே வெளியே எடுத்துக் கல்லில் நூலால் கட்டு. அமுக்கிப் பார், கெட்டியாக இருந்தால் சரி. கொழகொழவென்று இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிடு. அதன் இலையில் ஒட்டியிருக்கும் பச்சைப் புள்ளி பாசிக்கு விளக்கு அதிக நேரம் எரிவது ஒரு காரணம், பாஸ்பரஸ் குறைவது இன்னொன்று. முதலில் விளக்கை 7 மணி நேரமாகக் குறைத்துப் பார்.

அப்புறம், ஓட்டை விழுந்த இலை பழையபடி ஆகாது, ஓட்டை அப்படியேதான் இருக்கும். அதைப் பார்த்து உரம் வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டிவிடாதே. இனிமேல் வருகிற இலைகள் கீழே போகும்போதும் முழுசாக இருக்கின்றனவா என்று பார். மூன்று வாரம் கழித்து அதே ஹைக்ரோஃபிலாவை மேலிருந்து கீழ்வரை ஒரே படமாக எடுத்து அனுப்பு. விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையும் சரியாகத் தெரிவதில்லை, பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து எடும்மா.

அன்புடன்,
அப்பா