நந்தியிலிருந்து எத்தனை தப்படி

மான்செஸ்டர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாதையா,

ஏழு மாதம் ஆகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் இந்த இடத்திலேயே திட்டி முடித்துவிட்டு மேலே படி. இரண்டு முறை போனை எடுத்து உன் நம்பரைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். இது போனில் சொல்கிற சங்கதி இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். என் சர்க்கரை இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. சின்னவள் கல்யாணத்துக்கு வராததற்கு ஜேம்ஸ் என் சார்பில் ஏதாவது பொய் சொல்லியிருப்பான். அதையே நம்பிக்கொள்.

நடந்துவிட்டோம்டா. மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்தோமே, அந்த நடை. நான், ஜேம்ஸ், ஸ்டெல்லா, மகள் வீட்டுக்கு வந்திருந்த நம் கோபாலு. இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையில் செயின்ட் பீஸில் கிளம்பி, கிழக்கே ராபின் ஹுட்ஸ் பேயில் முடிகிற வழி. முழுசாக நடந்தால் சுமார் 190 மைல். நாங்கள் ஏழு நாளில் 80 மைல் சொச்சம் நடந்து கர்க்பி ஸ்டீபனில் ரயில் ஏறிவிட்டோம். சிரிக்காதே. நீ பால் சொசைட்டிக்கே டிவிஎஸ்ஸில் போகிறவன்.

ஆல்ஃப்ரெட் வெயின்ரைட் என்பவர் 1973இல் வகுத்த வழி இது. அவர் கெண்டல் என்ற ஊரின் நகர மன்றத்தில் பொருளாளராக இருந்தவராம். போதாதா கோபாலுக்கு? “கணக்குப் பிரிவு ஆள் போட்ட ரூட். பிசகவே பிசகாது” என்று முதல் நாளே மேப்பைப் பிடுங்கிக்கொண்டான். பொதுப்பணித்துறையில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன், டென்ட் என்ற முதல் குன்றிலேயே எங்களை ஒரு மணி நேரம் சுற்றவிட்டான். மேப் தப்பாம். இரண்டாம் நாளிலிருந்து அது ஸ்டெல்லா கைக்குப் போய்விட்டது. எங்கள் நான்கு பேரில் நன்றாக நடந்ததும் அவள்தான்.

கிளம்பும்போது ஒரு சடங்கு உண்டு. பூட்ஸ் நுனியைக் கடலில் நனைத்துவிட்டு, கரையிலிருந்து ஒரு கூழாங்கல் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை அந்தக் கோடிவரை சுமந்து போய் மறு கடலில் போட வேண்டும். கோபாலு கோலிக்குண்டு சைஸில் பொறுக்கினான். ஜேம்ஸ் அம்மிக்குழவி மாதிரி ஒன்றை எடுத்துவிட்டு மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் கழற்றிவிட்டான்.

இங்கே உனக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடியது நடைபாதைதான். வழி பாதிக்கு மேல் அடுத்தவன் நிலத்துக்குள்ளே போகிறது. ஆட்டுப்பட்டி, வைக்கோல் காடு, ஒரு வீட்டின் கொல்லைப்புறம் என்று எதையும் விடுவதில்லை. காலம்காலமாக ஜனங்கள் நடந்த தடமென்றால் அது பொதுவழி. நிலத்துக்காரன் மறிக்க முடியாது. சுவர் குறுக்கே வந்தால் ஏறித் தாண்ட அந்தச் சுவரிலேயே கல்லை நீட்டிப் படி வைத்திருக்கிறார்கள். ‘மாமூல் நடைபாதை பாத்தியம்’ என்று நம் பத்திரங்களில் எழுதுவோமே, அதை ஒரு நாடே கடைப்பிடித்தால் எப்படி இருக்கும்? உன் சித்தப்பா பதினெட்டு வருஷம் அலைந்த வண்டித்தட வழக்கு இங்கே பதினெட்டு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். வக்கீல் மட்டும் பட்டினி கிடந்திருப்பார்.

சாப்பாடு பற்றிச் சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. தங்கின வீடுகளில் காலை டிபன் மதியம் வரை தாங்கும். முதல் நாள் தட்டில் முட்டை, காளானோடு கருப்பாக, வட்டமாக இரண்டு துண்டு. கேழ்வரகு அடை மாதிரி ஏதோ என்று நினைத்து நம் சுத்த சைவ கோபாலு ஒன்றைத் தின்றுவிட்டான். ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்: அது பன்றி ரத்தம். நம் ஊர் ரத்தப் பொரியலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மத்தியானம் வரை அவன் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் தன் தட்டில் இருந்ததை ஜேம்ஸ் பக்கம் தள்ளிவிட்டபோது அந்த முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்த மாதிரி எனக்குப் பட்டது.

மற்றவை வழக்கம்தான். பெட்டிகளை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேன்காரர்கள் என் பையை வேறு ஊரில் இறக்கிவிட்டார்கள். ஒரு ராத்திரி ஜேம்ஸின் பனியனோடு ஓட்டினேன். அப்புறம் கால் நகம் ஒன்று போயிற்று.

ஐந்தாம் நாள் நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதம்.

பேட்டர்டேலில் கிளம்பி கிட்ஸ்டி பைக் என்ற முகட்டில் ஏறினோம். இந்த வழியில் அதுதான் ரொம்ப உசரம், 780 மீட்டர். ஏற்காட்டில் பாதிதான், ஆனால் அடியிலிருந்து காலால் ஏறிப் பார். மேலேயெல்லாம் ஹெர்ட்விக் ஆடுகள். குட்டியாக இருக்கும்போது கறுப்பு, வயசாக ஆக நரைத்துச் சாம்பலாகிவிடும், நம்மைப் போல. அவற்றுக்கு வேலி கிடையாது. எந்தச் சரிவு தன்னுடையது என்று தாய் ஆட்டோடு மேய்ந்தே குட்டி தெரிந்துகொள்கிறது. அதை விட்டுத் தாண்டுவதில்லை.

முகட்டிலிருந்து கீழே பார்த்தால் ஹாஸ்வாட்டர் ஏரி. மழைக்குப் பேர் போன இந்தப் பக்கத்திலேயே இந்த வருஷம் கோடை காய்ந்துவிட்டது. ஏரி பாதியாய்ச் சுருங்கி, கரையைச் சுற்றி வெளுத்த பட்டை. மேட்டூரில் தண்ணீர் இறங்கும்போது மலையோரம் ஒரு கோடு தெரியுமே, அதே கோடு. அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

அங்கே மார்டேல் என்று ஒரு ஊர் இருந்தது. மான்செஸ்டருக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று 1919இல் பாராளுமன்றத்தில் சட்டம் போட்டு, 1929இல் அணை வேலை தொடங்கி, ஏரியை 95 அடி உயர்த்திவிட்டார்கள். மாதாகோவிலில் கடைசிப் பூசை 1935இல். இடுகாட்டைத் தோண்டி 97 பேரை எடுத்துப் போய் ஷாப் என்ற ஊரில் மறுபடி புதைத்தார்களாம். வருஷத்தைக் கவனித்தாயா? நம் மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. இங்கே ஒரு பள்ளத்தாக்கும் அங்கே ஒரு பள்ளத்தாக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் மூட்டை கட்டியிருக்கின்றன.

நாங்கள் போகவேண்டிய வழி ஏரிக்கரையோடு வடக்கே திரும்புகிறது. ஊர் இருந்த இடம் தெற்கே. அன்றைக்கே 16 மைல், போகவேண்டாம் என்றாள் ஸ்டெல்லா. நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வெடித்த சேற்றில் இறங்கிப் போனோம். இடுப்பளவு கல்சுவர்கள் வரிசையாக நின்றன. நடுவே சந்து போன தடம் அப்படியே இருந்தது, ஒரு குட்டிப் பாலம்கூட முழுசாக. ஜேம்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். மேட்டூர் அணையில் மூழ்கின நம் பண்ணவாடியில் தண்ணீர் இறங்கி மாதாகோவில் கோபுரம் வெளியே வரும்போது அவன் அப்பா அப்படித்தான் நிற்பார், ஞாபகம் இருக்கிறதா?

கோபாலு ஒரு சுவர்மேல் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இதுக்கெல்லாம் பட்டா யார் பேர்ல இருக்கும்?” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். நான் கத்திவிட்டேன் மாதையா. என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகமில்லை. எழுந்திரு அந்தச் சுவரை விட்டு, அது ஒரு வீடு, அறிவிருக்கிறதா என்று என்னென்னவோ. எங்கள் குரல் கேட்டு அந்தக் கோடியில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். கோபாலு பொட்டலத்தை மடித்துவிட்டு இறங்கினான். ஷாப் வரைக்கும் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்தோம். நாலு பேரும் பேசவில்லை. அவனுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

உனக்குத் தெரியும். 1983 வறட்சி. அணைத் தண்ணீருக்குள் மூழ்கின கோவிலின் நந்தி முழுசாக வெளியே வந்த கோடை. நாம் பரிசலை விட்டிறங்கி அதன் முதுகில் ஏறிக் குதித்தோம். உன் பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நந்தியிலிருந்து தப்படி எண்ணிக்கொண்டே சேற்றில் போனது. ஒரு இடத்தில் நின்று இது வாசல் என்றது. இன்னும் நாலு எட்டு வைத்து இது அடுப்படி என்றது. தஞ்சாவூர்க்காரன் சோறு திங்க எங்க வூட்ட முக்கிட்டாங்க என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னது, என் அம்மா ஊர் கும்பகோணம் பக்கம் என்று தெரிந்து. நான் உடனே, “பட்டா இருக்கா பாட்டி?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கோபாலும்தான். அவன் அந்த ஜோக்கை அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும், தனக்கே தெரியாமல். பாட்டி ஒன்றும் சொல்லாமல் அடுப்படி என்று காட்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நீ என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினாய். இதைப் பற்றி மட்டும் இத்தனை வருஷத்தில் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஷாப்பில் ஸ்டெல்லா அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வேலியோரம் பறித்த பூவை வைத்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை. கோபாலிடம் மன்னிப்புக் கேட்டேன். “லோ சுகராடா?” என்று கேட்டுவிட்டு பாக்கெட்டிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் முதலில் உன்னிடம் சொல்லவேண்டும் என்று பட்டது.

சின்ன வயதெல்லாம் அம்மா வீட்டு அரிசி மூட்டையில் வளர்ந்தவன் நான். அது காவிரித் தண்ணீர். இப்போது மகன் வீட்டில் தினமும் காலையில் குழாயைத் திறந்து காபிக்குத் தண்ணீர் பிடிக்கிறேன். மான்செஸ்டருக்கு அந்த ஏரித் தண்ணீர் வருகிறது என்று வருஷக்கணக்காகத் தெரியும். ஊருக்குத் திரும்பின மறுநாள் குழாயடியில் பாத்திரம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். மருமகள் வந்து மூடினாள்.

கூழாங்கல் மேஜைமேல் இருக்கிறது. மீதி 110 மைலை அடுத்த வருஷம் நடப்பதாக ஏற்பாடு. உன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடு. சேலத்தில் கோபாலு பார்த்துக்கொள்வான். முட்டி வலி என்று கதை விடாதே, உனக்கு எந்த முட்டி என்பது மாறிக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று. பாட்டி நந்தியிலிருந்து வாசலுக்கு எத்தனை தப்படி எண்ணியது? நாற்பது என்று ஒருநாள் தோன்றுகிறது, அறுபத்தி நாலு என்று ஒருநாள். வடக்கே போனதா, கோவில் பக்கமாகவா? நீ கூடவே நடந்தாய். எழுது.

உன்,
சம்பத்