யுன் யோஜோங்: ஒரே இரவில் வந்த புகழ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்கொரியத் திரையுலகம் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இளம் நடிகர்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்த கட்டுரையாளர், நடிகை யுன் யோஜோங்கை மட்டும், '73 வயதில் ஆஸ்கர் வென்று ஒரே இரவில் புகழ்பெற்றவர்' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார். 2021இல் 'மினாரி' படத்துக்காக அவர் பெற்ற அந்த விருதும் வயதும் சரிதான். ஆனால், 'ஒரே இரவில்' என்ற சொற்கள் ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட உழைப்பை இல்லையென்று ஆக்கிவிடுகின்றன என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தொலைக்காட்சி அலைவரிசைகள் பொதுத் தேர்வு நடத்திப் புதுமுகங்களை எடுத்துக்கொண்ட காலம் அது. கொரிய இலக்கிய மாணவியாக இருந்த யுன், 1966இல் டிபிசி அலைவரிசையின் தேர்வில் தேறி நடிக்க வந்தார். 1971இல் எம்பிசி அலைவரிசையின் தொடரில் ஜாங் ஹுய்-பின் வேடம் அவருக்குக் கிடைத்தது. கொரிய மன்னர் சுக்ஜோங்கின் அந்தப்புரத்திலிருந்து அரசியாக உயர்ந்து, பிறகு பதவி பறிக்கப்பட்டு, 1701இல் மரண தண்டனைக்கு உள்ளான அந்தப் பெண்ணின் கதையைக் கொரியர்கள் தலைமுறைதோறும் புதிதாக எடுத்துப் பார்ப்பவர்கள். ஒரு நடிகையின் திறமையை அளக்க அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் அந்த வேடமும் ஒன்று. அதே ஆண்டில்தான் கிம் கி-யோங் இயக்கிய 'ஹ்வான்யோ' திரைப்படமும் வந்தது. 'நெருப்புப் பெண்' என்று பொருள்படும் அந்தப் படம், யுன்னுக்குக் கொரியாவின் புளூ டிராகன் விருதையும் ஸ்பெயின் நாட்டு சிட்ஜஸ் திரைப்பட விழாவின் விருதையும் பெற்றுத் தந்தது. வெளிநாட்டு விருது என்பது 2021இல்தான் அவர் கைக்கு முதன்முறை வந்தது போலத் தோன்றும்படி எழுதுவது ஏன் தவறு என்பதற்கு இதுவே போதும்.

இந்தப் படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1960இல் தாமே இயக்கிய 'பணிப்பெண்' கதையைத்தான் கிம் கி-யோங் மாற்றி எழுதி 'ஹ்வான்யோ'வாக எடுத்தார். அதில் கோழிப்பண்ணை நடத்தும் குடும்பத்துக்கு வேலைக்கு வந்து, அந்த வீட்டையே நிலைகுலைய வைக்கும் கிராமத்துப் பெண்ணாக யுன் நடித்தார். 2010இல் இம் சாங்-சூ அதே 'பணிப்பெண்' கதையை மீண்டும் எடுத்தபோது, செல்வந்தர் வீட்டில் காலமெல்லாம் அடங்கிப் பழகிய மூத்த பணிப்பெண்ணாக அவர் வந்தார். 39 ஆண்டு இடைவெளியில் ஒரே கதைக்குள் இளம் பணிப்பெண்ணாகவும் முதிய பணிப்பெண்ணாகவும் நிற்கும் வாய்ப்பு வேறு எந்த நடிகைக்கேனும் கிடைத்திருக்குமா என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இவ்விரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கும் காலமே கட்டுரையில் அறவே விடுபட்டது. எழுபதுகளின் நடுவில், புகழின் உச்சியில் இருந்தபோதே, திருமணம் செய்துகொண்டு அமெரிக்கா சென்ற யுன், 1984இல்தான் கொரியா திரும்பினார். 1987இல் மணமுறிவு ஏற்பட்டது. இரண்டு மகன்களை வளர்க்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மணமுறிவு பெற்ற பெண் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்று சொன்னவர்கள் அன்று இருந்தார்கள் என்பதை அவரே பின்னாளில் பேட்டியில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒருகாலத்தில் கதாநாயகியாக இருந்தவர், தாய், அத்தை, மாமியார் என்று எந்தச் சிறு வேடம் வந்தாலும் மறுக்காமல் நடித்தார். கிம் சூ-ஹியோன் என்ற எழுத்தாளர் தம் தொடர்களில் அவருக்குத் தொடர்ந்து இடமளித்தார். வார இறுதியில் குடும்பம் முழுவதும் கூடிப் பார்க்கும் அத்தொடர்களில் வசனம் மிகுதி, வேகமும் மிகுதி. அதில் கண நேரம் தயங்கினாலும் காட்சி நின்றுவிடும். யுன்னின் பேச்சில் இன்றும் நாம் கேட்கும் அந்த வெட்டென்ற கூர்மை இத்தகைய வேலையில் தீட்டப்பட்டது என்பது என் உறுதியான எண்ணம். 2012இல் கேபிஎஸ் ஒளிபரப்பிய குடும்பத் தொடரில், சிறுவயதில் தொலைத்த மகனைப் பல்லாண்டு கழித்துக் கண்டடையும் தாயாக அவர் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, 'மினாரி'யின் பாட்டி புதியவளாகத் தோன்றியிருக்க மாட்டாள்.

'மினாரி'யில் இயக்குநருடைய பாட்டியைப் போலவே நடிக்க வேண்டுமா என்று யுன் கேட்டபோது, தேவையில்லை என்று இயக்குநர் லீ ஐசக் ஜங் கூறிவிட்டார். அந்தச் சுதந்திரத்தை யுன் பயன்படுத்திக்கொண்ட விதத்தைப் படம் முழுவதும் காணலாம். மிளகாய்த்தூளும் நெத்திலியும் சுமந்து அமெரிக்காவின் ஆர்கன்சாவுக்கு வந்திறங்கும் சூன்ஜா என்ற அந்தப் பாட்டி, பேரனுக்குப் பலகாரம் செய்து தராமல் சீட்டாடக் கற்றுத் தருகிறாள். பிற்பாதியில் பக்கவாதம் தாக்கியபின் அவள் பேச்சு குழறுகிறது, ஒரு கை சொன்னபடி கேட்பதில்லை. தன்னால் களஞ்சியம் எரிந்துபோனதைக் கண்டதும் வீட்டுக்குத் திரும்பாமல் இருட்டில் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்குகிறாள். அந்த நடையில் யுன் அழவில்லை, முகத்தைக் கோணவும் இல்லை. தோள்கள் மட்டும் சற்றே சரிந்திருக்கின்றன. இதய நோயால் ஓடக் கூடாதென்று வளர்க்கப்பட்ட பேரன் ஓடிவந்து வழிமறிக்கும்போது, பார்ப்பவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

2021 ஏப்ரல் 25 அன்று விருது மேடையில் அவர் மறக்காமல் நினைவுகூர்ந்தது, 1998இல் மறைந்த கிம் கி-யோங்கைத்தான். இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்றார். தம்மை வேலைக்குப் போகவைத்த இரு மகன்களுக்கும் நன்றி சொன்னார். வயிற்றுப்பாட்டுக்காக நடித்தேன் என்பதை மறைக்க வேண்டிய ஒன்றாக அவர் கருதியதே இல்லை. நடிப்பிலும் அவரிடம் நான் மிகவும் மதிப்பது அந்த நேர்மையைத்தான்.

விருதுக்குப் பின்னும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 2022இல் வெளிவந்த 'பச்சிங்கோ' தொடரில், ஜப்பானில் குடியேறி முதுமையை எட்டிய சுன்ஜாவாக நடித்திருக்கிறார். டோக்கியோவில் ஒரு கொரிய மூதாட்டி பரிமாறும் சோற்றை வாயில் வைத்த உடனே, அது தன் நாட்டில் விளைந்த அரிசி என்று சுன்ஜாவுக்குத் தெரிந்துவிடுகிறது. மெல்லுவது மெதுவாகிறது, கண் கலங்குகிறது, அவ்வளவுதான் காட்சி. கட்டுரையாளர் இதையேனும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலும் ஒரு திருத்தம். கட்டுரையில் அவர் பெயர் முன்பின்னாக, 'யோஜோங் யுன்' என்று அச்சாகியிருந்தது. கொரிய வழக்கில் குடும்பப் பெயரே முன்னால் வரும். தம் பெயரைப் பலவாறாக உச்சரித்த மேல்நாட்டவரை அன்றிரவு மன்னித்துவிட்டதாக அவர் மேடையிலேயே கூறினார் என்றாலும், தங்கள் நாளிதழ் அப்பெயரைச் சரியாக வெளியிட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்