தூக்குச்சட்டிகளைத் திருப்பித் தருவதற்கு முன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

மார்புப் புற்றுநோய்க்கு எனக்கு நடந்த சிகிச்சையில், போன வாரம் கடைசி கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து முடிந்தது. 21 நாளுக்கு ஒன்றாக 4 சிவப்பு மருந்து (கீமோ), அப்புறம் வாரம் ஒன்றாக 12 ஊசி, அதற்குப் பிறகு மார்பில் ஆபரேஷன், கடைசியாக 15 நாள் கரண்ட். (சிவப்பு மருந்து ஏறின அன்று சிறுநீரும் சிவப்பாகத்தான் போகும். அது தெரியாமல் ரத்தம் ரத்தம் என்று நான் போட்ட கூச்சலில் ஓடி வந்த நர்ஸம்மாவுக்கு முதலில் மன்னிப்பு, அப்புறம் நன்றி.) ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்ததும் அழுகை வந்து நாலு வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டேன். விட்டதை இங்கே எழுதுகிறேன்.

"உங்க விசுவாசம்தான் உங்களைத் தாங்கிச்சு" என்று பலர் சொல்கிறீர்கள், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது சிவப்பு மருந்துக்கு முன்னால் ஒரு காலையில் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது என்னால் ஜெபமே பண்ண முடியவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த பரமண்டல ஜெபம்கூட, "உம்முடைய சித்தம்" என்கிற இடம் வந்ததும் தொண்டையில் நின்றுவிட்டது. அதற்கு மேல் எனக்காகச் சொன்னது நீங்கள்தான்.

பார்க்க வந்தவர்களில் சிலர் பேச்சு நோயைவிட வலித்தது, அதையும் மறைக்கவில்லை. "அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்றார் ஒருவர், என் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே. வேதத்தில், துன்பத்தில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

அதனால் என் பெரிய நன்றி, பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. மேலத் தெரு அக்கா தினமும் மத்தியானம் வருவார்கள். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவார்கள், குச்சியைத் தனியாக, இலையைத் தனியாக. கீரை முடிந்ததும் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த இலை உருவுகிற சத்தத்தில்தான் எனக்குத் தூக்கமே வந்தது.

எங்கள் சபைப் போதகர் ஐயரவாளிடம் ஒருநாள், "எனக்கு ஏன் என்று ஆண்டவரிடம் கேட்கலாமா, தப்பா?" என்றேன். பதில் சொல்லாமல் வேதத்தை எடுத்து 88-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசித்தார். புலம்பலாகத் தொடங்குகிற சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் போய் முடியும். இது முடியாது, கடைசி வரி வரை ஆறுதலே கிடையாது. "இதுவும் வேதத்துலதாம்மா இருக்கு" என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை மூடினார். அன்று ராத்திரி ஆண்டவரோடு சண்டை போட்டேன், நன்றாகவே போட்டேன். மூன்று வாரத்தில் நான் பண்ணின முதல் ஜெபம் அது. காலையில் எழுந்தபோது வலி அப்படியே இருந்தது, ஆனால் தனியாக இருக்கிற மாதிரித் தெரியவில்லை. இதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் போக முடியாமல் கிடக்கிறேனே என்று புலம்பினபோது டோனாவூர் பெரியம்மா போனில் போட்ட போடு மறக்காது. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மை 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தவர். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான், அந்த அறையில் இருந்துகொண்டே புத்தகங்கள் எழுதினார். "அவங்களே 20 வருஷம் படுத்துக் கிடந்தாங்க. ஏட்டி, நீ ஏழெட்டு மாசம் படுத்தா ஒண்ணும் குடி முழுகிப் போவாது!" என் வகுப்புகளைச் சேர்த்து எடுத்த டீச்சர்களே, குடி முழுகாமல் பார்த்துக்கொண்டது நீங்கள்.

ஆட்டோ பாய்க்கும் ஒரு வார்த்தை. எங்களுக்கு லெந்து (தவக்காலம்), அவருக்கு நோன்பு. கரண்ட் வைத்த 15 நாளும் ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் காத்திருந்தார். தான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் எனக்கு இளநீர் வெட்டி வாங்கித் தருவார். காத்திருந்ததற்குக் காசு கொடுத்தால் கோபம் வேறு வரும்.

கடைசியாக, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், தங்கச்சிமார் கவனத்துக்கு. கஞ்சி வந்த தூக்குச்சட்டிகள் 7 என் அலமாரியில் இருக்கின்றன. மூடியில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்தது யாருடையது என்றே தெரியவில்லை. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பாள் அம்மா. சனிக்கிழமை முறுக்கு சுடுகிறேன், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.