பென்சில் கோடு

பிரபு,

நேற்று பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டு என் அலமாரியைக் காலி செய்தேன். 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, ரிட்டயர் ஆன வக்கீல் குமாஸ்தாவுக்கு இந்திய தண்டனைச் சட்டம் இனி எதற்கு? எடைக்குப் போடும் முன் ஒன்றைப் புரட்டினேன், ஆணோடு ஆண் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவின் கீழே பென்சில் கோடு. என் கோடு இல்லை, நான் ஸ்கேல் வைத்துத்தான் போடுவேன். இது வளைந்து வளைந்து போய், ‘ஆயுள் தண்டனை’ என்ற இடத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுந்தியிருந்தது.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது என் மேஜையில்தானே உட்காருவாய். 2013 டிசம்பரில், அது குற்றமில்லை என்று டெல்லி ஹைகோர்ட் 2009-ல் கொடுத்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே நான் “சரியான தீர்ப்பு” என்றேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகளும் ஒரே முடிவாக அதை மாற்றினார்கள். வரலாறு உன்னைப் போன்றவர்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டிருக்கிறது என்று அந்த ஐவரில் ஒருவரான நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். குடும்பத்திடம் எதற்கு? நான்தான் உன்னிடம் கேட்க வேண்டியவன், அந்த வருஷம் தீபாவளிக்கு நீ வந்து சொன்ன பிறகு மூன்று மாதம் பேசாமல் இருந்தவன்.

ஆனால் ஒன்று. அந்தத் தீர்ப்பு சம்மதத்தோடு நடப்பதைத்தான் குற்றமில்லை என்றது, சம்மதமில்லாமல் நடந்தால் 377 அப்படியே இருந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன் ஒரு லாரி க்ளீனர் பையன் எங்கள் ஆபீசுக்கு வந்தான், பெஞ்சில் உட்காரக்கூட முடியவில்லை அவனால், சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவனுக்காக எங்கள் வக்கீல் தேடிப் பிடித்த பிரிவு, நீ கோடு போட்ட அதே பிரிவுதான். புதுச் சட்டத்தில் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். சம்மதமில்லாததற்காவது வைத்திருங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2023-ல் சொல்லிப் பார்த்தது. இப்போது 63-ஆவது பிரிவில் வன்புணர்வு என்றால் பெண்ணுக்கு ஆண் செய்வது மட்டும். பதினெட்டு வயதுக்குள் என்றால் பையனுக்கும் போக்சோ உண்டு. அதைத் தாண்டிய ஆணுக்கு நடந்தால் காயம், அடைத்து வைத்தல் என்று எதையாவது சேர்த்து எழுத வேண்டியதுதான்.

உன்னைப் பயமுறுத்த இதையெல்லாம் எழுதவில்லை. ஆப்பில் பழகி வரவழைத்து அடித்துப் பிடுங்குகிறார்களாம், பேப்பரில் அடிக்கடி வருகிறது. மிரட்டிப் பணம் பறித்தால் புதுச் சட்டத்தில் 308-ஆவது பிரிவு இருக்கிறது, தைரியமாகப் புகார் கொடு. வீட்டில் சொல்லிவிடுவேன் என்று எவனாவது சொன்னால், வீட்டுக்குத் தெரியும் என்று சொல், என் நம்பரையும் கொடு.

மற்ற புத்தகங்கள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன, அது மட்டும் மேஜைமேல் இருக்கிறது. வேண்டுமென்றால் கூரியரில் அனுப்புகிறேன், வேண்டாமென்றால் சொல், வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

அப்பா