அக்கா பேத்தியின் தலை ஸ்கேன்

கோயம்புத்தூர்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையில்லை. ரிட்டயர் ஆன பிறகும், ஆள் இல்லாத நாட்களில் ஸ்கேன் சென்டரில் கூப்பிடுகிறார்கள், போய் வருகிறேன். மொட்டை மாடிக்கு ஷீட் போட்டாச்சா?

சரி, அக்கா பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். "எலும்பு வியாதிக்கு மண்டையில் எதற்கு ஸ்கேன்?" என்று மாப்பிள்ளை கேட்டாராம். நியாயமான கேள்விதான். ஆனால் அவளுக்கு இருக்கும் எம்.ஓ.பி.டி. 2, அதாவது உடம்பும் தலையும் மிகச் சிறியதாகவே நின்றுவிடும் பரம்பரை நோயில், உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் எலும்பு அல்ல, மூளையின் ரத்தக்குழாய். செல் ஒழுங்காகப் பிரிவதற்குப் பெரிசென்ட்ரின் என்ற புரதம் வேண்டும். அதன் மரபணுவில் உள்ள கோளாறுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். வளர்ந்து ஆளானாலும் உயரம் ஏறக்குறைய 100 செ.மீ.தான். பாதிப் பேருக்காவது மூளைக் குழாயில் சிக்கல் வருகிறது. ஒன்று, மோயாமோயா எனும் அடைப்பு. இன்னொன்று அனியூரிசம், அதாவது குழாய்ச் சுவர் புடைத்துக்கொண்டு எப்போது வெடிக்குமோ என்று நிற்பது. சிலருக்கு இரண்டுமே உண்டு.

மோயாமோயா படம் திரையில் வந்தால் மறக்காது. கழுத்திலிருந்து ஏறும் கரோட்டிட் தமனி மண்டைக்குள் போய்க் கிளை பிரியும் இடத்தில் நூலாய் மெலிந்துவிடும். அதைச் சுற்றிப் பொடிப்பொடியான குழாய்கள் புகை மூட்டம்போலக் கிளம்பியிருக்கும். வெளியே பெஞ்சில் அந்தக் குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும்!

அதனால்தான் அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது என்கிறேன். அறிகுறியும் ஏமாற்றும். ஏங்கி ஏங்கி அழும்போது மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக் குழாய்கள் சுருங்கும். அடைப்பு உள்ள பிள்ளைக்கு அப்போது ஒரு கை தொங்கிப்போகும், வாய் கோணும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். சூடான சோற்றை ஊதி ஊதித் தின்னும்போதுகூட வரலாம். கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டு இருந்துவிடுவோம். அடுத்து வருவது பக்கவாதமாக இருக்கும். முன்னாலேயே தெரிந்தால், தலைத்தோலில் ஓடும் தமனி ஒன்றை மூளையின் மேல் படியவைத்துத் தைக்கிறார்கள். சில மாதங்களில் அதிலிருந்து புதுக் குழாய்கள் கிளைக்கும். புடைப்பு என்றால் கிளிப்போ, காயில் எனும் மெல்லிய கம்பிச் சுருளோ வைத்து அடைத்துவிடுவார்கள்.

ஒரு தடவை 'நார்மல்' என்று வந்தால் ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். 12 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.யோடு, ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர். ஆஞ்சியோவும் சேர்த்துக் கேள். இதில் கதிர்வீச்சு கிடையாது. பி.பி.யையும் சர்க்கரையையும்கூடப் பார்க்கச் சொல், இவர்களுக்கு இரண்டும் ஏறக்கூடியவை.

சொந்தத்தில் கட்டியதால்தான் என்று குழந்தையின் அம்மாவை ஊரே குத்துகிறதாமே. எரிச்சலாக இருந்தது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் கோளாறான பிரதி ஆளுக்கொன்று வந்தால்தான் இந்த நோய். சொந்தத்தில் அந்த வாய்ப்பு கூடுதல், உண்மைதான். அசலில் கட்டியவர்களுக்கும் வருகிறது. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசகரைப் பார்க்கட்டும், ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு.

ஸ்கேனுக்குக் காலை முதல் ஆளாக நேரம் வாங்கு. மயக்க மருந்துக்காகப் பட்டினி போடுவார்கள், இவளுக்கு உடம்பில் நீர் வற்றக் கூடாது. மருந்தின் அளவும் மூச்சுக்காகப் போடும் குழாயின் அளவும் வயதைப் பார்த்து அல்ல, அவள் உடம்பைப் பார்த்துத்தான் என்று மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடு. இங்கே வருவதானால் லாட்ஜ் எல்லாம் வேண்டாம், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அக்காவை விசாரித்ததாகச் சொல்.

உன்
கதிரேசன்