ஆவணியில் பறந்து அளவுங்கள்: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

நீர்ப்பாசனம், கமநலம், நில அளவை ஆகியவற்றுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், வானிலிருந்து லேசர் ஒளியால் தரையின் உயரத்தை அளக்கும் வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தின் கீழ் 4 ஏக்கர் வயல் செய்பவன். 11 வருடமாக எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர். குளத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவது வன்னியின் எந்தக் குளத்துக்கும் பொருந்தும்.

2018 மார்கழி (டிசம்பர்) 21ஆம் திகதி இரவு தொடங்கிய மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவின் வான்கதவுகள் திறந்ததும், பன்னங்கண்டியும் முரசுமோட்டையும் கண்டாவளையும் வெள்ளத்தில் மிதந்ததும் செய்தியில் வந்தன. அதே இரவில் எங்கள் குளமும் முட்டி நிறைந்தது. மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடக் கட்டிய வான்தான் ஆபத்து என்று நினைத்து நாங்கள் எல்லோரும் வான் பக்கம் ரோச் லைற்றோடு நின்றோம். விடியப்புறம் 2 மணிபோல ஒரு பொடியன் நடுக்கட்டிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தான். மாடுகள் ஏறி இறங்கும் இடத்தில் தண்ணீர் கட்டின் மேலால் வழியத் தொடங்கியிருந்தது. யூரியாப் பைகளில் மண் நிரப்பி, பெண்கள் தலையில் சுமந்து கொடுக்க, இடுப்பளவு தண்ணீரில் நின்று விடியும்வரை அடைத்தோம். கட்டு நின்றது.

வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். கட்டில் ஒரு சாண் பதிவு (இறக்கம்), அவ்வளவுதான். அரை மைல் நீளக் கட்டில் ஒரு சாண் இறக்கத்தை எந்தக் கண் பிடிக்கும்? அந்த இடத்தால் தினமும் சைக்கிளில் போய்வந்தவன் நான். குளம் பார்க்க வந்த அதிகாரிகளும் அதன் மேல்தான் நடந்துபோனார்கள். எங்கே பதிவு என்பதைத் தண்ணீர்தான் முதலில் கண்டுபிடித்தது.

அதற்கு அடுத்த வருடம், நில அளவையியல் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது மடிக்கணினியில் ஒரு படம் காட்டினாள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம். அங்கே வெள்ள ஆபத்தைக் கணிப்பதற்காக லைடார் என்ற முறையில் நாட்டை விமானத்திலிருந்து அளந்து, அந்த அளவுகளை 2015 முதல் யாரும் இலவசமாக எடுக்கும்படி விட்டிருக்கிறார்களாம். மரம் வீடு எல்லாவற்றையும் படத்திலிருந்து நீக்கிவிட்டு வெறும் தரையைக் காட்டினாள். புல் மூடிய ஒரு வெளியில் வரிவரியாக மேடும் பள்ளமும் தெரிந்தன. என்னவென்று கேட்டேன். பல நூறு வருடங்களுக்கு முன் மாடு பூட்டி உழுத சால் அது என்றாள். நேரில் போய் நின்றாலே சரியாகத் தெரியாத உழவு, வானிலிருந்து அளந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு உடனே எங்கள் கட்டின் மாட்டுப் பாதைதான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு மகளிடம் கேட்டுக் கேட்டுப் படித்ததை, என்னைப்போன்ற கமக்காரர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். விமானத்திலோ ட்ரோனிலோ பூட்டிய கருவி, செக்கனுக்கு லட்சக்கணக்கான லேசர்த் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. ஒளி தரையில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்ரிமீற்றர் போகும். அவ்வளவு நுட்பமாக நேரத்தை அளக்கிறார்கள். துடிப்பின் ஒரு பகுதி மரத்தின் உச்சியில் பட்டுத் திரும்பும். இன்னொரு பகுதி இலைகளின் இடுக்கால் புகுந்து நிலத்தில் பட்டுத் திரும்பும். கடைசியாகத் திரும்பியவற்றைப் பிரித்தெடுத்தால் காட்டுக்குக் கீழே இருக்கும் தரை கிடைக்கும். உயரத்தில் பிழை சாதாரணமாக 10, 15 சென்ரிமீற்றர். எங்கள் கட்டின் ஒரு சாண் பதிவு அதில் அகப்பட்டிருக்கும்.

இப்போது எங்கள் கையில் இருப்பது என்ன? பழைய இடவிளக்கப் படத்தில் ஒரு சமவுயரக் கோட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எங்கள் குளம், கட்டு, வயல், ஊர் எல்லாமே அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுத்த உயரப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. வெள்ள ஆய்வுகள் பலவற்றுக்கு அதுதான் அடிப்படை. அதில் 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. பாலையும் முதிரையும் நிற்கும் காட்டில் அது தரையைக் காட்டாது, மரக்கூட்டத்தையே மேடு என்று காட்டும். வன்னி தட்டையான நிலம். முழங்கால் உயர வித்தியாசத்தில் தண்ணீர் ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குத் திரும்பிவிடும் இடம் இது. இந்தத் தரைக்கு அந்தப் படம் போதாது.

இந்தக் குறை எங்களுக்குச் செலவாகியிருக்கிறது. போருக்குப் பிறகு ஒரு திட்டத்தில் எங்கள் வானைக் கொங்கிறீற்றில் திருப்பிக் கட்டினார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். கட்டி முடித்த முதல் மாரியிலேயே, குளத்துத் தண்ணீரின் மேல் எல்லையான அலைகரைப் பக்கம் மூன்று குடும்பங்களின் மேட்டுக்காணிக்குள் தண்ணீர் ஏறி, நிலக்கடலை முழுக்க அழுகியது. பழைய வானைவிடப் புதியது 4 அங்குலம் உயரம் என்பதைப் பிறகு மேசனின் தண்ணி மட்டக் குழாயால் நாங்களே பிடித்துப் பார்த்தோம். உயரத்தைக் குறித்து நட்டிருந்த குளத்தின் பழைய மட்டக்கல் போரோடு போய்விட்டது. எதை வைத்து உயரம் எடுத்தார்கள் என்று கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

4 அங்குலம் சின்ன விசயம் என்று தோன்றலாம். 250 ஏக்கரில் தண்ணீர் பரந்து நிற்கும் ஒரு குளத்தில் 4 அங்குலம் என்பது 83 ஏக்கர் அடித் தண்ணீர் (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்பது ஒரு ஏக்கர் அடி). கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு 4 ஏக்கர் அடி என்று வைத்தால், அது 20 ஏக்கர் வயலின் விளைச்சல்.

ஒவ்வொரு வருடமும் சிறுபோகக் கூட்டத்தில் நாங்கள் படும் பாட்டை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். குளத்தில் இத்தனை அடித் தண்ணீர், ஆகவே இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று ஒரு பழைய அட்டவணையிலிருந்து வாசிப்பார்கள். அந்த அட்டவணை என் அப்பா காலத்துக் குளத்துக்கு உரியது. அதற்குப் பிறகு எத்தனை மாரி மண்ணைக் கொண்டுவந்து குளத்துக்குள் கொட்டியிருக்கிறது! ஒரு வருடம் அட்டவணையை நம்பி விதைத்து, பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது தண்ணீர், அதை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகான துருசுக்குக் கீழே போய்விட்டது. கடைசி வாய்க்காலில் காணி உள்ள ஒரு விதவைத் தாய் அந்த வயலை மாட்டுக்கு அவிழ்த்துவிட்டதை நான் வரம்பில் நின்று பார்த்தேன். அவவுக்குப் புலவு (அந்தப் போகத்தில் விதைக்கும் பங்கு) பிரித்துக் கொடுத்த தாளில் என் கையெழுத்து இருந்தது.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா இல்லையா என்று வருடக்கணக்கில் நடந்த தர்க்கத்தையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். குடிக்கத் தண்ணீர் கேட்டவர்களும் எங்கள் சனம்தான். மறுத்த கமக்காரர்களும் பிழையானவர்கள் அல்ல. குளத்தின் அடிமடியை இரண்டு பக்கமும் ஒன்றாகப் பார்த்து, இவ்வளவுதான் கொள்ளும், இவ்வளவுதான் மிஞ்சும் என்று பேசியிருந்தால் அவ்வளவு கசப்பு வந்திராது என்பது என் எண்ணம்.

இனி நான் கேட்பதற்கு வருகிறேன். கேட்பது மூன்று.

முதலாவது, பறக்கும் காலம். லைடாரில் வழக்கமாகப் பாவிக்கும் அகச்சிவப்பு ஒளி தண்ணீருக்குள் இறங்காது. தண்ணீருக்குள் இறங்கும் பச்சை லேசரும் உண்டு. ஆனால் அது தெளிந்த நீருக்குத்தான் சரி, எங்கள் குளங்களின் கலங்கல் தண்ணீரில் ஓரடி போவதே பாடு. தை மாதம் வந்து அளந்தால் குளத்தின் மேற்பரப்பு மட்டும்தான் கிடைக்கும். ஆவணியில் வாருங்கள். சிறுபோகம் அறுத்து, குளங்கள் வற்றி, அடிமண் வெடித்துக் கிடக்கும். சாதாரண லைடாரே குளத்தின் மடியைச் சாண் சாணாக அளந்து தந்துவிடும். புதுக் கொள்ளளவு அட்டவணையை அதிலிருந்தே போடலாம். காட்டின் கீழ்ச்செடிகளும் அப்போதுதான் காய்ந்திருக்கும். ஐப்பசி மழை தொடங்கினால் அந்த வருடம் போய்விடும். ஆகவே கேள்விப்பத்திரம் (டெண்டர்), அனுமதி, விமானம் என்று எல்லாவற்றையும் இந்த மாதத்தைக் குறிவைத்து முன்கூட்டியே ஒழுங்குசெய்யுங்கள்.

இரண்டாவது, குளம் குளமாக அளவாதீர்கள். ஆறு ஆறாக அளவுங்கள். கனகராயன் ஆறு வவுனியாவில் சேமமடுப் பக்கம் தொடங்கி, இரணைமடுவை நிறைத்து, வடக்கே கடனீரேரியில் போய் விழுகிறது. அந்த வழியில் மூன்று மாவட்டங்கள். பேராறு முத்தையன்கட்டுக்கு; பாலியாறு வவுனிக்குளத்துக்கு. ஒவ்வொரு ஆற்றின் வடிநிலத்திலும் சிறு குளங்கள் மாலைபோலக் கோர்த்துக் கிடக்கின்றன. மேல்குளத்தின் வான் தண்ணீர்தான் கீழ்க்குளத்தின் வரத்து. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயல்நிலம் உள்ள குளம் கமநலத்துக்கு, அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத்துக்கு என்பது உங்கள் பிரிவு. தண்ணீருக்கு அந்தப் பிரிவு கிடையாது. மேல்குளத்தின் கட்டை உயர்த்துகிறவருக்குக் கீழ்க்குளத்தில் என்ன நடக்கும் என்று தெரியவேண்டும்.

இதில் ஒரு சிக்கலை வல்லுநர்கள் கவனிக்கவேண்டும். எங்கள் குளங்களில் சொல்லும் அடிக்கணக்கு அந்தந்தக் குளத்துத் துருசின் தளத்திலிருந்து எண்ணுவது. இரணைமடுவின் 36 அடிக்கும் எங்கள் குளத்து 9 அடிக்கும் தொடர்பே இல்லை. ஒரே கடல்மட்டத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்தால்தான் எந்தத் தண்ணீர் எங்கே ஓடும் என்று பார்க்கலாம். ஆனால் விமானம் ஜிபிஎஸ்ஸை நம்பித்தான் உயரம் எடுக்கிறது. ஜிபிஎஸ் எண்ணும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்காகக் கணக்கில் வரைந்த, சற்றுத் தட்டையான ஒரு கோளத்தின் மேற்பரப்பிலிருந்து. அந்தக் கோளத்தோடு ஒப்பிட்டால் கடல்மட்டம் உலகிலேயே மிகவும் தாழ்ந்து கிடக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே இரண்டுக்கும் இடைவெளி 90 மீற்றருக்கு மேல். திருத்தாமல் விட்டால் வன்னியின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருப்பதாகப் படம் காட்டும். அந்தப் பெரிய பிழை உடனே கண்ணில் படும். அரை மீற்றர்ப் பிழை படாது. எங்கள் வயலைக் கெடுப்பது அதுதான். நல்ல மட்டக்கற்களை நட்டு, தரையில் அளந்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவைத் தரவேண்டும். இரணைமடுவுக்குப் பக்கத்தில் அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை இந்த வேலையில் சேருங்கள். விமானம் திரும்பிப் போன பிறகும் கணக்குப் பார்க்க இங்கே ஆட்கள் இருப்பார்கள்.

மூன்றாவதை எழுதத்தான் எனக்குத் தயக்கம். ஆனாலும் எழுதவேண்டும். 2012இல் கம்போடியாவின் அங்கோரில் ஹெலிகொப்டரிலிருந்து லைடார் எடுத்தபோது, காட்டுக்குள் மறைந்து கிடந்த வீதிகளும் கால்வாய்களும் அணைகளும் வெளிப்பட்டன. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காடுகளுக்கு மேலால் பறந்தால் இங்கேயும் அப்படித்தான் தெரியும். உடைந்த கட்டுகள், தூர்ந்த துருசுகள், எங்கள் பாட்டன்மார் பெயர் சொல்லி வைத்திருக்கும் தூர்ந்த குளங்கள். மிதிவெடி பயத்தில் கால்வைத்து அளக்க முடியாத இடங்களையும் மேலிருந்து அளந்துவிடலாம். அது பெரிய வரம். ஆனால் காணிக்குள் ஒருநாள் காலையில் எல்லைக்கல் முளைத்திருப்பதைப் பார்த்த சனம் நாங்கள். படம் முதலில் ஒரு அலுவலக அலுமாரிக்குள் போய், பிறகு எல்லைக்கல்லாகத் திரும்பி வந்தால், அடுத்த முறை யாரும் உங்களுக்கு வழி காட்டமாட்டார்கள். ஆகவே படத்தை எல்லோருக்கும் திறந்து விடுங்கள். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் அந்தப் பகுதியின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். தூர்ந்த குளம் ஒன்று தெரிந்தால், அதைப் பற்றி முடிவெடுக்க முதல் அதன் கீழ் வயல் செய்த குடும்பங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே அளந்து வைத்திருக்கும் துண்டு ஏதும் இருந்தால் அதையும் வெளியில் விடுங்கள்.

லைடார் மழையை அளக்காது, துருசால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்றும் சொல்லாது. மழைமானியும் வாய்க்கால் அளவுகோலும் தனியே வேண்டும். அது எங்களுக்கு விளங்கும்.

என் அப்பா புதுக்காணி வெட்டும்போது முதல் மழைக்குக் காத்திருப்பார். மழை கொட்டத் தொடங்கியதும் ஒரு கட்டுக் கம்புகளோடு இறங்கி, தண்ணீர் போகும் வழியே நடந்து, அது திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கம்பு நடுவார். மழை விட்ட பிறகு அந்தக் கம்புகளைப் பார்த்துத்தான் வரம்பும் வாய்க்காலும். நனைந்து நடுங்கிக்கொண்டு கம்பு எடுத்துக் கொடுத்தது நான். நீங்கள் லேசரால் செய்வதும் அந்த வேலைதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு வயலுக்கு அவர் செய்ததை நீங்கள் ஒரு ஆற்றுக்கே செய்யலாம்.

வானிலிருந்து அளக்கும்போது தரையில் வெள்ளை அடையாளங்கள் வேண்டும் என்று மகள் சொன்னாள். எங்கள் அமைப்பில் 63 பேர் இருக்கிறோம். சுண்ணாம்பு எங்கள் செலவு. காட்டுக்குள் பழைய கட்டுக்குப் போகும் பாதையையும் வெட்டித் தருகிறோம். அந்தக் கட்டில் சிறுவயதில் மாடு மேய்த்த 82 வயது ஐயா ஒருவர், தானே முன்னுக்கு நடந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை அடையாளம், எவ்வளவு அகலம், எந்தெந்த இடத்தில் என்று ஆடி பிறக்க முதல் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கமக்காரர் அமைப்பின் செயலாளர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்