பொட்டலங்கள் வரிசையாக வரட்டும்

சிங்கப்பூர் இணையச் சேவை நிறுவனங்களின் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சிராங்கூன் சாலையில் ஒரு சிறு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். எங்கள் கணக்குக் கோப்புகள் இரவுதோறும் சென்னை அலுவலகத்துக்குப் போகின்றன. ஒரு கிகாபிட் இணைப்புக்குக் கட்டணம் கட்டியும் அவை ஊர்ந்துதான் போகின்றன. புகார் செய்தால், வேகச் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்கிறார்கள்.

கோப்புகள் பொட்டலங்கள் என்னும் சிறு சிறு தரவுத் துண்டுகளாகத்தான் போகின்றன. அவற்றின் வரவைப் பதிவுசெய்யும் வயர்ஷார்க் மென்பொருளால் சென்னையில் எடுத்த பதிவைப் பாருங்கள். இரண்டாவது பொட்டலத்துக்குப் பின் நான்கும் ஐந்தும் ஆறும் வந்துவிடுகின்றன. மூன்றாவது அதற்கப்புறம்தான் வருகிறது. ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் பெறும் கணினி, முந்தி வந்த ஒவ்வொன்றுக்கும் மூன்றாவதைக் கேட்டு ஒரே ஒப்புகையை, அதாவது எதுவரை வந்தது என்று சொல்லும் பதிலை, திருப்பி அனுப்புகிறது. அப்படி மூன்று சேர்ந்ததும் பொட்டலம் தொலைந்தது என்றே, அனுப்பும் கணினியில் பரிமாற்றத்தைக் கவனிக்கும் டிசிபி முடிவுகட்டுகிறது. வந்துகொண்டிருப்பதையே மறுபடி அனுப்புகிறது. பாதையில் நெரிசல் என்று எண்ணி, அனுப்பும் அளவையும் பாதியாகக் குறைக்கிறது. 2009ஆம் ஆண்டின் இணைய விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5681 வகுத்த நடைமுறை இது.

சென்னைக்கான கடலடிக் கம்பிவடம் சுமார் 3,000 கிலோமீட்டர். ஒளி போய்த் திரும்பவே 30 மில்லிவினாடி ஆகும். பாதியாகிவிட்ட அனுப்பும் அளவு ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாகத்தான் ஏறும். ஏறி முடிப்பதற்குள் அடுத்த குழப்பம். வேகச் சோதனையோ பெரும்பாலும் உள்ளூர் சர்வருடன் பல இணைப்புகளை ஒருசேரத் திறந்து அளக்கிறது. தனியொரு இணைப்பு படும் பாடு அதில் எப்படித் தெரியும்?

இதே குழப்பத்தால் குரல் அழைப்பிலும் பிந்தி வந்த பொட்டலம் வீசப்பட்டு, பேச்சு அறுபடுகிறது.

பாதை மாறும்போது ஓரிரு பொட்டலங்கள் முன்பின்னாவது இயல்பு. அதை நான் குறைசொல்லவில்லை. ஒரே இணைப்பின் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே இடத்துக்குப் போகும் பல இணைத்தடங்களில் ஏற்றி வரிசையைக் குலைப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். முகவரியையும், எந்தச் செயலிக்கான இணைப்பு என்று காட்டும் போர்ட் எண்ணையும் கொண்டு ஓர் இணைப்பு முழுவதையும் ஒரே தடத்தில் அனுப்பும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. தடங்களில் சுமை சற்று ஏறுமாறாக இருக்கும், இருக்கட்டும். 2021இல் வந்த ஆர்எஃப்சி 8985 முறை, ஒப்புகைகளை எண்ணாமல் நேரத்தைப் பார்த்து முடிவெடுப்பதால் இந்த வரிசைக் குழப்பத்தை ஓரளவு தாங்கும். அதற்காகப் பழைய கருவிகளை எல்லாச் சிறு கடைக்காரர்களாலும் மாற்றிவிட முடியுமா?

வரிசை மாற்றத்தை அளக்கும் முறையை ஆர்எஃப்சி 4737 2006ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டது. வெளிநாட்டுத் தடங்களில் அதை மாதந்தோறும் அளந்து வெளியிடுங்கள். புகாரை எடுப்பவர் திரையிலும் அந்த எண் தெரியட்டும். எங்கள் பதிவுக் கோப்புகளை நீங்கள் கேட்ட அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
சிராங்கூன் சாலை வாடிக்கையாளர் ஒருவர்